சிறு குழுமங்களை யார் காப்பது?

2023 ஏப்ரலில் ரெட்டிட் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன் தளத்தில் குவிந்திருக்கும் உரையாடல்களை வெளிச் செயலிகள் எடுத்துக் காட்டுவதற்கு இனிக் கட்டணம் உண்டு என்றது. அதுவரை அது இலவசமாக இருந்தது. மே இறுதியில் தொகை தெரியவந்ததும், ஐபோனில் ரெட்டிட் படிக்கப் பலரும் பயன்படுத்திய 'அப்பல்லோ' செயலியை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு செயலி ரெட்டிட்டிடம் தரவு கேட்டு அனுப்பும் 5 கோடி கோரிக்கைகளுக்கு 12,000 டாலர். அப்பல்லோ ஒரே மாதத்தில் அனுப்பியவை ஏறத்தாழ 700 கோடி கோரிக்கைகள். மாதத்துக்கு 17 லட்சம் டாலர், ஆண்டுக்கு 2 கோடி டாலர் கட்ட வேண்டும். தனி ஒருவரால் முடிகிற காரியமா அது? ஜூன் 30 அன்று அப்பல்லோ மூடப்பட்டது.

அதற்கு முன்பே, ஜூன் 12 அன்று, ரெட்டிட்டின் 8,000-க்கும் மேற்பட்ட குழுமங்கள் எதிர்ப்புத் தெரிவித்துத் தங்கள் கதவை அடைத்தன. அடைத்தவர்கள் மட்டுறுத்துநர்கள். சம்பளம் வாங்காமல், குப்பையை அகற்றி, சண்டையை விலக்கி, ஆண்டுக்கணக்கில் அந்த இடங்களைப் பராமரித்தவர்கள். நிறுவனம் இறங்கி வரவில்லை. திறக்க மறுப்பவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் நியமிக்கப்படுவார்கள் என்று சொன்னது. 2024 பிப்ரவரியில் கூகுளோடு ஒப்பந்தம் போட்டு, பயனர்கள் எழுதிய உரையாடல்களைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு விற்றது. மார்ச்சில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. ஊர்பேர் தெரியாத லட்சக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் உதவ எழுதிய பதில்கள், ஒரு நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் சேர்ந்த கதை இது.

இந்தக் கலவரத்தில் மிகவும் தவித்தவர்கள் பார்வையற்றோர். ரெட்டிட்டின் சொந்தச் செயலி திரைவாசிப்பு மென்பொருளோடு சரியாக ஒத்துழைக்காததால் அவர்கள் வெளிச் செயலிகளையே நம்பியிருந்தார்கள். எதிர்ப்பு வலுத்தபின், லாப நோக்கமற்ற சில செயலிகளுக்கு நிறுவனம் விலக்கு அளித்தது. படிப்பதற்கு வழி பிறந்தது. ஆனால், குழுமத்தை நடத்துகிற மட்டுறுத்துநர்களுக்கு வேண்டிய வசதிகள் அந்தச் செயலிகளில் போதவில்லை. பார்வையற்றோர் குழுமத்தின் மட்டுறுத்துநர்கள் 'லெம்மி' என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்து, தங்களுக்கென்று ஒரு சர்வரை நிறுவிக்கொண்டார்கள். யாருடைய தயவும் தேவைப்படாத ஓர் இடத்தை அவர்கள் தேடியதில் நியாயம் இருக்கிறது.

அந்தக் கோடையில் லெம்மிக்குக் குடிபெயர்ந்தவர்கள் பல்லாயிரம் பேர். இன்றும் தங்கியிருப்பவர்கள் அவர்களில் ஒரு பகுதியினரே. ஒரு பெரிய தளத்தை விட்டு வெளியேற ஒரு நாள் கோபம் போதும். சிறிய இடத்தில் நிலைத்துத் தங்குவதற்கு அன்றாட உழைப்பு வேண்டும். அந்த உழைப்பைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாதபோதுதான் சிறு குழுமங்கள் அழிகின்றன. பரவலாக்கப்பட்ட இணையத்தைப் பற்றிய பேச்சுகளில் தொழில்நுட்பமே முன்னால் நிற்கிறது. முன்னால் நிற்க வேண்டியது அந்த உழைப்பை யார் பகிர்ந்துகொள்வது என்ற கேள்வி.

ஒரு பதிவு எப்படிப் பயணிக்கிறது?

லெம்மி என்பது ஒரு தளத்தின் பெயர் அல்ல. 2019-இல் தொடங்கப்பட்ட ஒரு மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவலாம். இப்படி நிறுவப்பட்ட நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவை பேசுகிற பொதுமொழி 'ஆக்டிவிட்டிபப்'. உலகளாவிய வலைச் சங்கமான டபிள்யூ3சி, 2018 ஜனவரியில் ஏற்றுக்கொண்ட தரநிலை அது. 2016-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ தொடங்கிய மாஸ்டடானும் அதையே பேசுகிறது. இந்தக் கூட்டமைப்பு முழுவதையும் 'ஃபெடிவர்ஸ்' என்கிறார்கள்.

ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்ப முடிவதைப் போன்ற ஏற்பாடுதான். என் கணக்கு ஜெர்மனியில் உள்ள ஒரு சர்வரில் இருக்கிறது, நான் சேர்ந்திருக்கும் தோட்டக்கலைக் குழுமம் கனடாவில் உள்ள சர்வரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதும் பதிவு முதலில் கனடாவுக்குப் போகிறது. அங்கிருந்து, அந்தக் குழுமத்தில் ஓர் உறுப்பினராவது இருக்கிற ஒவ்வொரு சர்வருக்கும் அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் ஒரு படி வைத்துக்கொள்கிறது. பின்னூட்டமும் வாக்கும் இதே பாதையில் பயணிக்கின்றன.

இதன் பலன் பெரிது. கனடா சர்வர் நாளை மூடப்பட்டாலும் அதுவரை எழுதப்பட்டவற்றின் படிகள் மற்ற சர்வர்களில் இருக்கும். ஆனால், குழுமம் உறைந்துபோகும். அதற்குப் பிறகு எழுதுவதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல நடுவில் யாரும் இல்லை. வேறு சர்வரில் புதிதாக ஒரு குழுமம் தொடங்கி, எல்லோரையும் அங்கே அழைக்க வேண்டும். படிகள் பல இடங்களில் பரவுவதால் இன்னொரு விளைவும் உண்டு. எழுதியதை நான் அழித்தால், அழிக்கச் சொல்லும் செய்தி எல்லாச் சர்வர்களுக்கும் போகும். அவை அனைத்தும் அதற்குக் கட்டுப்படும் என்று யாரும் உறுதி தர முடியாது. தனிச்செய்திகளும் மறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல. சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்கலாம். ரகசியம் பேச இது இடமில்லை என்பதைப் புதிதாக வருகிறவர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வாரத்து வெறுமை

பெரிய தளத்திலிருந்து வருகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது வெறுமைதான். ரெட்டிட்டில் நாள்தோறும் கோடிக்கணக்கானோர் உலவுகிறார்கள். லெம்மியின் சர்வர்கள் அனைத்தையும் சேர்த்தாலும் மாதத்துக்கு ஒருமுறையாவது எழுதுகிறவர்கள் சில பத்தாயிரம் பேர்தான். லினக்ஸ், தனியுரிமை, அமெரிக்க அரசியல் போன்றவற்றுக்கு ஆள் உண்டு. தையல், பறவை நோக்கல், சொந்த ஊர்ச் செய்தி என்று தேடினால், கடைசிப் பதிவு எப்போதோ எழுதப்பட்டதாக இருக்கும். ஒரே பொருளுக்கு மூன்று சர்வர்களில் மூன்று குழுமங்கள் இருக்கும், மூன்றிலும் கூட்டம் இருக்காது. 'இங்கே யாரும் இல்லையே' என்று பலர் கணக்குத் தொடங்கிய வாரத்திலேயே திரும்பிவிடுகிறார்கள்.

இதை இந்தியா ஒருமுறை பார்த்திருக்கிறது. 2019 அக்டோபர் இறுதியில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. ஹிட்லர் காலத்தில் கூட்டத்தின் நடுவே ஒருவர் மட்டும் கையை உயர்த்தாமல் நிற்கும் புகழ்பெற்ற படத்தை அவர் முகப்பில் வைத்திருந்தார். முடக்கத்தைக் கண்டித்து, நவம்பர் முதல் வாரத்தில் ஏராளமான இந்தியர்கள் மாஸ்டடானுக்குப் போனார்கள். பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியானது. பெரும்பாலானோர் விரைவிலேயே ட்விட்டருக்குத் திரும்பினார்கள். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது உலகம் முழுவதிலும் அதே காட்சி. மாஸ்டடானின் மாதாந்தரப் பயனர் எண்ணிக்கை டிசம்பரில் 25 லட்சத்தை எட்டியது. அடுத்த சில மாதங்களில் அதில் கணிசமான பகுதி கரைந்தது.

திரும்பியவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. நிரம்பிய அரங்கத்தில் வேடிக்கை பார்த்துப் பழகியவர்கள், இன்னொரு நிரம்பிய அரங்கத்தை எதிர்பார்த்து வந்தார்கள். பெரிய தளங்களில் எழுதுகிறவர்கள் கொஞ்சம், படிக்கிறவர்கள் பெருங்கூட்டம். அங்கே நாம் சும்மா இருந்தாலும் திரை ஓடிக்கொண்டே இருக்கும். எதைக் காட்டினால் இன்னும் பத்து நிமிடம் இருப்போம் என்று கணிக்கும் நிரல் அதைப் பார்த்துக்கொள்கிறது. சிறிய குழுமத்தில் அப்படி ஒரு நிரல் இல்லை. பத்துப் பேர் சும்மா இருந்தால் அன்று குழுமமே சும்மா இருக்கும்.

பெயர் தெரிந்தவர்கள்

பொறுத்துக்கொண்டு தங்கியவர்கள் மெல்லக் கண்டுகொள்வது வேறொன்று. நான் சேர்ந்திருக்கும் ஒரு சிறு லினக்ஸ் குழுமத்தில், பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிய ஒருவர், வைஃபை மட்டும் வேலை செய்யவில்லை என்று எழுதினார். பெரிய தளமாக இருந்தால் நாற்பது பதில் வந்திருக்கும், அதில் முப்பது 'புதுக் கணினி வாங்கு' என்றிருக்கும். இங்கே வந்தவை மூன்றே பதில்கள். ஒருவர், உள்ளே இருக்கும் சிப் எந்த நிறுவனத்தினுடையது என்று கண்டறியும் கட்டளையைக் கொடுத்து, விடையை ஒட்டச் சொன்னார். பிராட்காம் என்று தெரிந்ததும் இன்னொருவர், அதற்கான ஃபர்ம்வேர் தனிப் பொதியாக வரும், கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையம் வழியே இறக்கிக்கொள்ளுங்கள் என்று படிப்படியாக எழுதினார். மூன்றாமவர், அந்தப் பொதியின் பெயர் லினக்ஸின் டெபியன் வகையில் வேறு, ஃபெடோரா வகையில் வேறு என்று திருத்தினார். மறுநாள் கேட்டவர் திரும்பி வந்து, வேலை செய்துவிட்டது, அம்மா இப்போது அதில் பாட்டுக் கேட்கிறார் என்று எழுதினார். அடுத்த வாரம் வேறொரு புதியவரின் கேள்விக்கு முதல் பதில் எழுதியவர் அவர்தான்.

சிறிய இடத்தின் பெரிய பலம் இது. நேற்று நமக்கு உதவியவரின் பெயரை இன்று இன்னொரு இழையில் பார்க்கிறோம். அவரிடம் எரிந்துவிழ மனம் வராது. லெம்மியின் அமைப்பும் இதற்கு உதவுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் வாக்கு உண்டு. ஆனால், ஒருவர் வாழ்நாளில் சேர்த்த மொத்த மதிப்பெண்ணைப் பெயருக்குப் பக்கத்தில் பட்டயம்போல் மாட்டி வைப்பதில்லை. அதைக் கூட்டுவதற்காகவே பழைய நகைச்சுவையை மறுபடி மறுபடி ஒட்டுகிறவர்களுக்கு இங்கே வேலை குறைவு. மட்டுறுத்துநர் ஒரு பதிவை நீக்கினால், எது, ஏன் நீக்கப்பட்டது என்பது பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பெரிய நிறுவனங்களிடம் 'விதிமுறைகளை மீறியதால்' என்ற ஒற்றை வரிக்கு மேல் விளக்கம் கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

துப்புரவுக்கு யார் பொறுப்பு?

இந்த இடங்களைச் சொர்க்கமாக வர்ணிப்பவர்களை நான் நம்புவதில்லை. இங்கே அதிகாரம் ஒழிந்துவிடவில்லை. ஒரு நிறுவனத்திடம் இருந்தது பல நூறு நிர்வாகிகளிடம் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு சர்வரிலும் நிர்வாகி வைத்ததே சட்டம். லெம்மியை உருவாக்கியவர்கள் நடத்தும் சர்வரில், அவர்களின் அரசியல் சார்பு மட்டுறுத்தலில் தெரிகிறது என்ற விமர்சனம் தொடக்கம் முதல் இருந்துவருகிறது. அதை ஏற்காதவர்கள் அதே மென்பொருளை வைத்தே வேறு சர்வர்களை நடத்துகிறார்கள். ரெட்டிட்டில் இந்த வழி கிடையாது. ஆனாலும், வெளியேறும் உரிமை இருப்பதாலேயே உள்ளே நியாயம் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

அதைவிடக் கடினமானது துப்புரவு வேலை. 2023 ஜூனில் கூட்டம் பெருகியபோது, 'பீஹா' என்ற சர்வர் இரண்டு பெரிய சர்வர்களுடனான இணைப்பைத் துண்டித்தது. அவற்றில் ஒன்று அந்த மாதம்தான் தொடங்கிய லெம்மி.வேர்ல்டு. யார் வேண்டுமானாலும் கேள்வி இல்லாமல் உள்ளே வரலாம் என்று அவை கதவைத் திறந்து வைத்திருந்தன. உள்ளே வந்து வம்பு செய்கிறவர்களைச் சமாளிக்க பீஹாவிடம் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள். அன்று அவர்களைக் குறுகிய மனம் படைத்தவர்கள் என்று திட்டியவர்கள் ஏராளம். ஆகஸ்டில் லெம்மி.வேர்ல்டின் குழுமங்களில் விஷமிகள் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களைப் பதிவேற்றித் தாக்கினார்கள். பதிவுகள் படி எடுக்கப்பட்டுப் பரவும் அமைப்பு என்பதால், அந்தப் படங்கள் தங்கள் சர்வருக்கும் வந்துவிட்டனவா என்று சிறுசிறு நிர்வாகிகள் அலறியடித்துத் தேட வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாஸ்டடான் சர்வர்களில் இரண்டு நாட்களில் 3.25 லட்சம் பதிவுகளைப் பரிசோதித்து, ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட அத்தகைய படங்கள் 112 முறை தட்டுப்பட்டதாக அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். பெரிய நிறுவனங்கள் இதற்கென்று ஆட்களையும் கருவிகளையும் வைத்திருக்கின்றன. இரவு வேலை முடிந்து வந்து சர்வரைக் கவனிக்கும் ஒருவரிடம் என்ன இருக்கும்?

அடித்தளமே நழுவுவதும் உண்டு. 2024 பிப்ரவரியில், ஆப்கானிஸ்தானுக்குரிய இணைய முகவரி ஒன்றில் இயங்கிய மாஸ்டடான் சர்வரின் முகவரியைத் தாலிபான் ஆட்சி முடக்கியது. 'கேபின்' என்ற மென்பொருளும் அதன் முதன்மைச் சர்வரும் பெரும்பாலும் ஒரே ஒருவரின் உழைப்பில் நின்றன. அவரால் இயலாமல் போனபோது, 2024-இல் அந்தச் சர்வர் நின்றுபோனது. நிரல் திறந்தநிலையில் இருந்ததால், அதற்கு முன்பே சிலர் 'எம்பின்' என்று கிளை பிரித்து வளர்த்திருந்தார்கள். அதனால் மென்பொருள் பிழைத்தது. 2025 ஜூனில், லெம்மியின் பெரிய சர்வர்களில் ஒன்றான லெம்.ஈ மூடப்படும் என்று அதன் நிர்வாகிகள் அறிவித்தார்கள். பணப் பற்றாக்குறையை அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. ஓயாத சச்சரவுகளையும் புகார்களையும் கையாண்டு சோர்ந்துவிட்டார்கள், சுமையைப் பகிர ஆள் கிடைக்கவில்லை. அந்த மாத இறுதியில் சர்வர் மூடப்பட்டது. குறுகிய அவகாசம் என்றாலும் சொல்லிவிட்டு மூடியதால், உறுப்பினர்கள் தங்கள் குழுமப் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடிந்தது. எழுதிய பதிவுகளைத் தங்களோடு எடுத்துப் போகும் வசதி மட்டும் இல்லை.

பொதுவளங்களைப் பற்றி ஆராய்ந்து 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பெயினின் பாசனக் கால்வாய்களையும் பிலிப்பைன்ஸின் நீர்ச் சங்கங்களையும் பார்த்து எழுதினார். பொதுவளம் என்றாலே பாழாகும் என்ற வாதத்தை அவர் மறுத்தார். யார் உறுப்பினர் என்பதில் தெளிவு, பயன்படுத்துகிறவர்களே விதி வகுப்பது, தவறுக்கேற்பப் படிப்படியாகக் கூடும் தண்டனை, தகராறைக் குறைந்த செலவில் தீர்க்கும் வழி ஆகியவை இருந்த இடங்களில் அந்த வளங்கள் நூற்றாண்டுகள் நிலைத்ததை அவர் காட்டினார். நம் குடிமராமத்தும் அப்படி நடந்ததுதான். ஏரித் தண்ணீரில் பங்கு உள்ள வீடு, ஏரியைத் தூர்வார ஆள் அனுப்ப வேண்டும். பீஹாவின் முடிவை இந்தக் கோணத்தில் பார்த்தால், அது தன் எல்லையைத் தானே வகுத்துக்கொண்ட ஒரு சமூகம். லெம்.ஈ, தண்ணீர் எடுத்தவர்கள் நிறைய இருந்தும் மண்வெட்டி எடுக்க ஆள் கிடைக்காத சமூகம்.

நமக்குத் தெரிந்த இழப்பு

இவை எங்கோ நடக்கிற கதை என்று தமிழ் வாசகர் ஒதுக்கிவிட முடியாது. இணையத் தமிழ் வளர்ந்ததே சிறு குழுமங்களில்தான். 1990-களின் நடுவில் தமிழ்.நெட் மின்னஞ்சல் பட்டியலில், ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, அமெரிக்கா என்று சிதறிக் கிடந்தவர்கள் எழுத்துருக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே தமிழில் பேசினார்கள். பிறகு யாஹூ குழுமங்கள் வந்தன. ராயர் காபி கிளப், மரத்தடி, அகத்தியர், சந்தவசந்தம் என்று எத்தனை குழுமங்கள்! கதை எழுதிப் பழகியவர்கள், வெண்பா கற்றுக்கொண்டவர்கள், பழைய பாடல்களுக்குப் பொருள் தேடியவர்கள், இரவெல்லாம் இலக்கணச் சண்டை போட்டவர்கள் என ஒரு தலைமுறையே அங்கே எழுதியது.

2019 அக்டோபரில் யாஹூ ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அம்மாதம் 28-ஆம் தேதிக்குப் பின் குழுமங்களில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது, டிசம்பர் 14-இல் அங்கே சேமிக்கப்பட்ட அனைத்தும் அழிக்கப்படும் என்றது. உலகெங்கும் எழுந்த முறையீட்டுக்குப் பிறகு, தரவுகளை இறக்கிக்கொள்ள 2020 ஜனவரி இறுதிவரை அவகாசம் தந்தது. 2020 டிசம்பர் 15-இல் மிச்சமிருந்த மின்னஞ்சல் சேவையும் நின்றது. ஆர்குட் 2014-இல் போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. விழிப்போடு எடுத்து வைத்தவர்களிடம் மட்டும் அந்த எழுத்துகள் மிஞ்சின. மற்றவர்களுக்கு, இருபது ஆண்டுக்கால உரையாடல் ஒரு நிறுவனத்தின் செலவுக் குறைப்பில் காணாமல் போயிற்று.

அதே காலத்தில், அதே மனிதர்கள் தொடங்கிய இன்னொரு வேலையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். அதை எந்த நிறுவனமும் மூட முடியவில்லை. கோப்புகள் ஆயிரக்கணக்கானோரின் கணினிகளில் இருக்கின்றன. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் யார் வேண்டுமானாலும் படி எடுத்துக்கொள்ளும் உரிமத்தில் இயங்குவதால் நிலைத்திருக்கிறது. வெளியிலிருந்து கதவை மூடும் அதிகாரம் ஒருவர் கையில் குவியாத இடத்தில், உழைக்கவும் ஆட்கள் இருந்தபோது நம் எழுத்து தப்பியது. பரவலாக்கத்தின் பயனுக்கு இதைவிட வேறு சான்று நமக்கு வேண்டியதில்லை.

இன்று தமிழ் உரையாடல் பெரும்பாலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் நடக்கிறது. சித்த மருத்துவம் முதல் கல்வெட்டுவரை, நீட் தேர்வு முதல் நெல் ரகம்வரை, தேர்ந்தவர்கள் பொறுமையாக எழுதும் விளக்கங்கள் அங்கே நாள்தோறும் குவிகின்றன. வெளியிலிருந்து தேடுகிறவருக்கு அவற்றில் பெரும்பகுதி அகப்படாது. அடுத்த ஆண்டு அதே கேள்வியை இன்னொருவர் கேட்டால், மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும். யாஹூ குழுமங்களுக்கு நேர்ந்தது இவற்றுக்கு நேராது என்று எந்த நிறுவனமும் எழுதித் தரவில்லை.

என்ன செய்யலாம்?

எல்லோரும் நாளைக்கே ஃபேஸ்புக்கை விட்டு வெளியேறுங்கள் என்பது என் கோரிக்கை இல்லை. உறவும் தொழிலும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. வாரத்தில் கொஞ்ச நேரத்தை ஒரு சிறிய, திறந்த குழுமத்துக்குக் கொடுங்கள் என்றே கேட்கிறேன். கொடுப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

சேரும் சர்வரை அதன் அளவை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிர்வாகிகள் எத்தனை பேர், விதிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா, வரவு செலவை வெளியிடுகிறார்களா, தரவுக்கு நகல் எடுத்து வைக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் மட்டுமே நடத்தும் சர்வர் எவ்வளவு நல்லவரால் நடத்தப்பட்டாலும், அவருக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கும் வரும். சேர்ந்தபின் வேடிக்கை பார்க்காமல் எழுதுங்கள். வெறுமையாகக் கிடக்கும் குழுமத்தில் வாரம் ஒரு நல்ல பதிவு வந்தால்கூட, தேடி வருகிறவர் தங்குவார். கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள். பதில் பெற்றால், அது பயன்பட்டதா என்று திரும்பி வந்து சொல்லுங்கள். குப்பையைக் கண்டால் திட்டிவிட்டுப் போகாமல் மட்டுறுத்துநருக்குப் புகார் அனுப்புங்கள். அவர் ஆள் கேட்கும்போது கை தூக்குங்கள். இடம் பிடித்துப் போனால், மாதம் ஒரு சிறு தொகை கொடுங்கள். விளம்பரம் இல்லாத இடத்தின் மின்கட்டணத்தை உறுப்பினர்களைத் தவிர வேறு யார் கட்டுவார்கள்? நீங்கள் எழுதும் முக்கியமானவற்றுக்கு உங்களிடம் எப்போதும் ஒரு படி இருக்கட்டும்.

நிறுவனங்களுக்கும் இதில் கடமை உண்டு. ஜெர்மனி, நெதர்லாந்து அரசுகள் தங்கள் துறைகளுக்கென்று சொந்த மாஸ்டடான் சர்வர்களை நடத்துகின்றன. பிபிசி 2023-இல் ஒன்றை நிறுவிப் பரிசோதித்தது. 2001-இல் தமிழுக்கென்றே ஓர் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக நடத்திவரும் தமிழ்நாட்டில், ஒரு பல்கலைக்கழகமோ நூலகத் துறையோ இப்படி ஒரு சர்வரை நடத்த முன்வரலாம். உள்ளடக்கத்தில் தலையிடாத, பல தரப்பினர் அடங்கிய ஒரு குழு அதற்குத் தேவை. தனிநபர்கள் நடத்துவதானால் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, கூடுதல் கடமைகள் 50 லட்சம் பயனர்களைத் தாண்டிய தளங்களுக்குத்தான். ஆனால், குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட்டு, புகார்களைக் குறித்த காலத்துக்குள் தீர்க்கும் கடமை சிறிய தளங்களுக்கும் உண்டு. ஐநூறு பேர் பேசும் ஒரு தன்னார்வச் சர்வருக்கு ஏற்ற எளிய நடைமுறையை அரசு வகுத்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்துக்கு அஞ்சியே நல்லவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், பெரிய நிறுவனங்கள் மட்டும் மிஞ்சும்.

ரெட்டிட்டை விட்டு வந்தவர்களில் லெம்மியில் இன்றும் இருப்பவர்கள் குறைவுதான். ஆனால், அங்கே எழுதப்படும் ஒரு நல்ல பதிலுக்கு நாளை ஒரு நிறுவனம் விலை நிர்ணயித்து, அதைக் காட்டும் வாசலை அடைக்க முடியாது. அந்த நிலையைத் தமிழுக்கும் உண்டாக்கத் தேவையான மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, தரநிலை எழுதப்பட்டுவிட்டது, அனுபவம் நம்மிடம் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. குறைவது ஆட்கள் மட்டுமே. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில், தன் துறையைப் பற்றித் தமிழில் பொறுமையாக விளக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு சிறு குழுமத்தைத் தேர்ந்தெடுத்து, இந்த வாரமே முதல் பதிவை எழுத வேண்டும்.